கலப்பெண்

ஆவாரம்பாளையம், டெஸ்ட் பெஞ்ச், ஏழே முக்கால் மணி.
அன்னூரிலிருந்து திரும்பி வந்த மோட்டார்
ஒட்டிய செம்மண்ணோடு மேசைமேல் கிடக்கிறது.
"உறுமுதுங் அம்மிணி, சுத்தமாட்டேங்குது"
என்று சொல்லிவிட்டு டீக்குப் போன ராக்கியப்பன்
இன்னும் வரவில்லை.

உறுமல் எனக்குப் புரியும்.
ஒரே சுருள், ஒரே மின்னோட்டம்,
முன்னும் பின்னும் முன்னும் பின்னும் இழுக்கும்.
எந்தப் பக்கம் திரும்புவதென்று
ரோட்டருக்குத் தெரியாது.
இரண்டாவது சுருள் வேண்டும்,
அதில் ஓடுவது முதலாவதோடு
ஒத்துப்போகவும் கூடாது.

கெபாசிட்டர் உப்பிப்போயிருக்கிறது. லேபிள் அழிந்துவிட்டது.
முப்பத்தாறு மைக்ரோ போட்டால்?
கேஸ்கட் அட்டையைத் திருப்பிப்போட்டு எழுதுகிறேன்.
தெரியாதவை இரண்டு:
ஓட்டச் சுருளுக்கு x, தொடக்கச் சுருளுக்கு y.
தசமங்களை ஒதுக்கி, சுருக்கிச் சுருக்கி
கடைசியில் நின்றது இவ்வளவுதான்:

(2 + i) x + y = 6 + i
x + i y = 1

எங்கள் தொழிலில் j என்றுதான் எழுத வேண்டும்.
அவசரத்தில் பள்ளிக்கூடத்து i-யே வருகிறது.

பன்னிரண்டாம் வகுப்பு, கணபதி.
கரும்பலகையில் 'கலப்பெண்' என்று எழுதி
சார் கையைத் தட்டுவதற்குள்
பின்பெஞ்சிலிருந்து ஒருவன் பிரித்துப் படித்தான்:
கலப் பெண்.
ஒரு சின்ன இடைவெளி, அவ்வளவுதான்.
எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.
அப்பா வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்,
அம்மா அந்தப் பக்கம்,
நடுவில் கோபியில் ஒரு ரெஜிஸ்டர் ஆபீஸ்.
ஊருக்கே தெரிந்த கணக்கு.
சார் சிரிக்கவில்லை. அதட்டவும் இல்லை.
இரண்டாவது வரியை எழுதத் தொடங்கினார்.

இருக்கட்டும்.
மேல் வரியை i-யால் பெருக்கு, கீழ் வரியைக் கழி.
y கழன்றுவிடும்.

(−2 + 2i) x = −2 + 6i

இங்கேதான் பலருக்கும் கை நிற்கும்:
கற்பனை ஒட்டியிருப்பதால் எப்படி வகுப்பது?
அதன் இணையைக் கூப்பிட வேண்டும்.
மெய் அதே மெய்,
கற்பனை மட்டும் எதிர்ப்பக்கம் முகம் திருப்பியது.
இருபுறமும் அதால் பெருக்கினேன்.
இடப்பக்கம் x-ஓடு வெறும் எட்டு, சுத்தமான மெய்.
வலப்பக்கம் பதினாறு, கழித்தல் எட்டு i.

x = 2 − i
y = 1 + i

ஒன்று பிந்துகிறது. ஒன்று முந்துகிறது.
நடுவே எழுபத்தொன்றரைப் பாகை.
போதும், சுற்றும்.

சுலைகா அக்கா முறுக்கிவிட்டுச் சுவிட்சைப் போட்டாள்.
உறுமல் ஒரு நொடி.
பிறகு அந்தச் சன்னமான சீழ்க்கை.

ஒரு கம்பியைக் கிளாம்ப் மீட்டரால் கவ்வினாள்: 2.2.
மற்றதை: 1.4.
கூட்டினால் 3.6, அது அவளுக்கு மனக்கணக்கு.
மெயின் கம்பியைக் கவ்வினாள்.
மூன்று.
மறுபடி கவ்வினாள். மூன்றுதான்.
"மிச்சம் எங்க போச்சு?"

"எங்கயும் போகலக்கா.
ஒண்ணுல கழித்தல் i, இன்னொண்ணுல கூட்டல் i.
வாசல்ல வந்து சேரும்போது ரெண்டும் அடிபட்டுப்போகுது.
வெளிய நிக்கிறவனுக்கு மெய் மட்டுந்தான் தெரியும்."
"அப்ப உள்ளுக்குள்ள?"
"உள்ளுக்குள்ள அந்த i-தான் சுத்த வெக்குது."

அக்கா கொஞ்ச நேரம் மீட்டரைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தாள்.
அதற்குள் ராக்கியப்பன் வந்துவிட்டார்.
மோட்டார்மேல் உள்ளங்கையை வைத்து,
மாட்டைத் தட்டுகிற மாதிரி தட்டினார்.
"பலே. தண்ணி கண்ட மாதிரி இருக்குதுங்."
பணத்தை எண்ணிக்கொண்டே,
சாதாரணமாக, விலை கேட்கிற குரலில்:
"அம்மிணி எந்தக் கூட்டமுங்?"

"முப்பத்தாறு மைக்ரோங்க" என்றேன்.
"என்னதுங்?"
மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, காது கேட்காமல் போக நியாயமிருந்தது.
மார்க்கரை எடுத்து
உடம்பில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்:
36.